எக்செல் தெரியும், ஆனால் "சரி, என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பதில் வரவில்லை

கேள்வி இது: "அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் வேலை. எக்செலில் பிவட் டேபிள் (தரவை வகைவாரியாகத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) வரை வரும், எஸ்கியூஎல் (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழி) கொஞ்சம் எழுதுவேன். ஆனால் மேலாளர் 'சரி, இதை வைத்து என்ன செய்யலாம்?' என்று கேட்டால் திணறுகிறேன். பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்டால் சரியாகுமா? சிக்கலைத் தீர்க்கும் திறன், தரவுப் பகுப்பாய்வுத் திறன் என்று வேலை விளம்பரங்களில் கேட்கிறார்களே, அது உண்மையில் என்ன?"

பைத்தான் கற்பது நல்லதுதான், ஆனால் இந்தத் திணறலுக்கு அது மருந்து ஆகாது. அறிக்கை கேட்டார்கள், எண்களை எடுத்தீர்கள், அழகாக அடுக்கினீர்கள். அந்த எண்களைப் பார்த்து யார், எப்போது, எதை முடிவு செய்யப்போகிறார் என்பதை யாரும் கேட்கவில்லை. முடிவு எதுவென்று தெரியாமல் எடுத்த எண்ணிடம் போய் "என்ன செய்யலாம்" என்றால் அது என்ன சொல்லும்? விளம்பரத்தில் கேட்கும் இரண்டு திறன்களும் நடைமுறையில் ஒன்றுதான்: ஒரு முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, அதற்கு எந்த எண் வேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த எண் நம்பத்தக்கதா என்று சோதித்துச் சொல்வது.

கோப்பைத் திறப்பதற்கு முன்

அரைப் பக்கம் எழுதுங்கள். முதலில் சிக்கல், ஒரே வாக்கியத்தில்: எது, எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு, எதோடு ஒப்பிட்டு. "புகார்களைத் தீர்க்கத் தாமதமாகிறது" என்பது புலம்பல். "ஜனவரியிலிருந்து கட்டணம் தொடர்பான புகார்கள் தீர 12 மணி நேரம் ஆனது 18 மணி நேரமாகிவிட்டது, மற்ற வகைப் புகார்களில் மாற்றம் இல்லை" என்பது சிக்கல். இரண்டாவது வாக்கியத்தில் பாதி விடை ஏற்கெனவே வந்துவிட்டதைக் கவனியுங்கள். எது மாறவில்லை என்று எழுதியதும், எல்லாருக்கும் பொதுவான காரணங்கள் (ஆள் பற்றாக்குறை, மென்பொருள் மந்தம்) தாமாகவே பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. ஜனவரியில் கட்டணப் பிரிவில் மட்டும் என்ன மாறியது என்பதுதான் இனித் தேட வேண்டியது.

அடுத்து, முடிவு எடுப்பவர் கையில் இருக்கும் வழிகள். இரண்டு பேரைக் கூடுதலாக எடுப்பது, ஷிஃப்டை மாற்றுவது, கட்டண விதியைத் தெளிவாக எழுதுவது, ஒன்றும் செய்யாமல் விடுவது. கடைசி வழியை எழுதாமல் விடாதீர்கள். பல நேரம் அதுதான் சரி. மூன்றாவதாக, எந்த எண் வந்தால் எந்த வழி என்பதை எண் வருவதற்கு முன்பே பேசி வையுங்கள். வந்த பிறகு பேசினால், ஏற்கெனவே மனதில் இருக்கும் முடிவுக்கு எண்ணை வளைப்பது மனித இயல்பு.

மேலாளரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: "இந்த எண் நான் நினைப்பதைவிட இரண்டு மடங்காக வந்தாலும் பாதியாக வந்தாலும் நாம் செய்யப்போவது ஒன்றுதானா?" ஆமாம் என்றால் அந்தப் பகுப்பாய்வே தேவையில்லை. பணிவாகக் கேட்டால் இதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அவரே யோசிக்க ஆரம்பித்து, உண்மையில் கவலைப்படும் விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

சிக்கலை உடைப்பது

ஒரு பெரிய எண்ணை அதன் கூறுகளாகப் பிரித்துக்கொண்டே போவதைக் கிளை விரிப்பது என்று வைத்துக்கொள்வோம். கிளைகள் ஒன்றின் மேல் ஒன்று விழக்கூடாது. எல்லாம் சேர்ந்தால் முழு எண் வர வேண்டும். கூட்டலாகவோ பெருக்கலாகவோ எழுத முடிந்தால் கிளை சரி. "விற்பனை குறைவு" என்பதை "சந்தை, போட்டி, ஊழியர் மனநிலை" என்று பிரித்தால் வெறும் பேச்சுதான் மிஞ்சும். "வந்தவர்கள் × வாங்கியவர்களின் சதவீதம் × ஒருவர் சராசரியாக வாங்கிய தொகை" என்று பிரித்தால் மூன்றையும் அளக்கலாம், எது சரிந்தது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

காத்திருப்பு, நிலுவை, தேக்கம் என்று எந்தச் சிக்கல் வந்தாலும் ஒரு சமன்பாட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜான் லிட்டில் 1961-இல் நிறுவியது: நிலுவையில் இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை = ஒரு நாளில் வருபவை × ஒன்று உள்ளே தங்கும் சராசரி நாட்கள். நாளுக்கு 30 கோப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 4 நாள் தங்குகிறது என்றால் மேஜையில் 120 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 200 இருக்கிறதா? அப்படியானால் கணக்கு எங்கோ உதைக்கிறது. 4 நாள் என்பது முடிந்த கோப்புகளை மட்டும் வைத்துப் போட்ட சராசரியாக இருக்கலாம், அல்லது வரவு தொடர்ந்து தீர்வை மிஞ்சி நிலுவை வளர்ந்துகொண்டே போகலாம் (வரவும் போக்கும் நிலையாக இருக்கும் இடத்தில்தான் இந்தச் சமன்பாடு பொருந்தும்). எப்படியானாலும், மூன்று எண்களில் ஒன்றை மற்ற இரண்டால் சரிபார்க்கும் வசதி இலவசமாகக் கிடைக்கிறது.

"ஏன்" என்று ஐந்து முறை கேட்கும் டொயோட்டா முறையைப் பலர் சொல்லிக்கொடுப்பார்கள். டைச்சி ஓனோ பரப்பிய அந்த முறை தொழிற்சாலை இயந்திரத்துக்கு அருமையாகப் பொருந்தும். கூட்ட அறையில் உட்கார்ந்து செய்தால் ஐந்தாவது "ஏன்" எப்போதும் "பயிற்சி போதவில்லை" என்றோ "தகவல் பரிமாற்றம் சரியில்லை" என்றோதான் முடியும். ஒவ்வொரு "ஏன்"-க்கும் ஒரு ஆதாரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவது என்று கட்டுப்பாடு வைத்தால் மட்டுமே அது பயன்படும்.

சராசரி ஏமாற்றும் விதம்

இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். ஓர் உதவி மையம். போன மாதம் 1,000 புகார்கள்: கடவுச்சொல் மறந்தது போன்ற எளியவை 800, ஒவ்வொன்றுக்கும் சராசரி 3 மணி நேரம், சிக்கலானவை 200, ஒவ்வொன்றுக்கும் 18 மணி நேரம். மொத்தம் 2,400 + 3,600 = 6,000 மணி நேரம். சராசரி 6.0.

இந்த மாதம் சராசரி 7.5 என்று டேஷ்போர்டு சிவப்பாகக் காட்டுகிறது. கூட்டம் போடுகிறார்கள், குழுத் தலைவரைக் கேள்வி கேட்கிறார்கள். உள்ளே பார்த்தால்: எளியவை 400, ஒவ்வொன்றுக்கும் 2.8 மணி நேரம். சிக்கலானவை அதே 200, ஒவ்வொன்றுக்கும் 17 மணி நேரம். மொத்தம் 1,120 + 3,400 = 4,520. அதை 600-ஆல் வகுத்தால் 7.5. இரண்டு வகையிலும் வேகம் கூடியிருக்கிறது, மொத்த உழைப்பு கால்வாசி குறைந்திருக்கிறது, ஆனால் சராசரி மோசமாகியிருக்கிறது! கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றிக்கொள்ளும் பக்கம் ஒன்று திறந்ததால் எளிய புகார்கள் பாதியாகிவிட்டன. மிஞ்சியதில் கடினமானவற்றின் பங்கு ஏறியது. அவ்வளவுதான். நல்லது செய்த குழுவுக்குத் திட்டு விழுந்திருக்கும்.

கலவை மாறினால் மொத்தச் சராசரி எதிர்த் திசையில் போகும் இந்த விளைவுக்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கை இதற்குப் பேர்போன உதாரணம். மொத்தத்தில் ஆண் விண்ணப்பதாரர்களில் 44 சதவீதம் பேருக்கும் பெண்களில் 35 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது பெண்களுக்கு எதிரான அப்படியொரு போக்கு தென்படவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்குப் பெண்கள் அதிகமாக விண்ணப்பித்திருந்தார்கள். ஆகவே எந்தச் சராசரி நகர்ந்தாலும் முதல் வேலை: வகை, பகுதி, புதியவர்–பழையவர், பெரியது–சிறியது என்று நான்கைந்து விதமாகப் பிரித்துப் பார்ப்பது. பிவட் டேபிளில் பத்து நிமிட வேலை.

இன்னொரு பொறி, முடிந்தவற்றை மட்டும் அளப்பது. தீர்வு நேரத்தை மூடிய புகார்களிலிருந்துதானே எடுக்கிறோம்? மூன்று மாதமாகத் திறந்தே கிடப்பவை அதில் இல்லை. ஒரு குழு மெனக்கெட்டு அந்தப் பழைய பாக்கியைத் தீர்த்த மாதத்தில்தான் சராசரி எகிறும். தொடாமல் விட்டவர்களின் எண் பளபளவென்று இருக்கும். புகார் வந்த வாரத்தை அடிப்படையாக வைத்து, "அந்த வாரம் வந்தவற்றில் 3 நாளுக்குள் முடிந்தவை எத்தனை சதவீதம்" என்று கேட்டால் இந்தக் குளறுபடி இருக்காது.

நேரம், தொகை போன்றவற்றில் சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 90-ஆவது சதமானத்தையும் (நூற்றில் 90 அதற்குள் அடங்கும் எண்) சேர்த்துச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு 2 மணி நேரம், ஒருவருக்கு 72 மணி நேரம் என்றால் சராசரி 9. அந்த 9 மணி நேரத்தை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை.

நடக்காததையும் எண்ணுங்கள்

தவறியவற்றை மட்டும் வரிசைப்படுத்தி அவற்றில் பொதுவானது என்ன என்று தேடுவது அலுவலகங்களில் நாள்தோறும் நடக்கிறது. ரத்தான ஆர்டர்கள், வேலையை விட்டுப்போனவர்கள், பழுதான பாகங்கள். இதன் விலையை உலகமே பார்த்தது 1986 ஜனவரி 28 அன்று. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடம் ஏவப்பட்ட 73-ஆவது நொடியில் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம் குளிரில் இறுகிவிடும் என்ற அச்சம் முந்தைய இரவே விவாதிக்கப்பட்டது. ஆனால் வளையம் சேதமடைந்த ஏவல்களின் வெப்பநிலையை மட்டுமே ஒப்பிட்டார்கள். சேதம் குளிரிலும் இருந்தது, வெயிலிலும் இருந்தது, தொடர்பு தெரியவில்லை. சேதமே ஆகாத ஏவல்களையும் சேர்த்து விசாரணைக் குழு பார்த்தபோது படம் மாறிவிட்டது: 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 ஏவல்களில் 3-இல் மட்டுமே சேதம்; அதைவிடக் குளிரான 4 ஏவல்களில் நான்கிலும் சேதம்.

உங்கள் வேலையில் இதன் பொருள் எளிது. "விட்டுப்போனவர்களில் 60 சதவீதம் பேர் இரவு ஷிஃப்ட்" என்று எழுதினால், அடுத்த வரியில் இருப்பவர்களில் எத்தனை சதவீதம் பேர் இரவு ஷிஃப்ட் என்று இருக்க வேண்டும். அதுவும் 60 என்றால் இரவு ஷிஃப்டுக்கும் விட்டுப்போவதற்கும் தொடர்பு இருப்பதாக இந்த எண் காட்டவில்லை. எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் கீழே வகுக்கும் எண் எது என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஏமாற்றம் நின்றுவிடும்.

ஏறுகிறதா, ஆடுகிறதா?

வாராந்தரக் கூட்டங்களில் வீணாகும் நேரத்தில் பெரும் பங்கு, இயல்பான ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் தேடுவதில் போகிறது. 12 வாரப் புகார் எண்ணிக்கை இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 42, 38, 45, 40, 47, 39, 44, 41, 36, 43, 46, 49. கடைசி நான்கைப் பார்த்தவர் "மூன்று வாரத்தில் 36 சதவீத உயர்வு" என்று மணி அடிப்பார். 36-லிருந்து 49, கணக்கு சரிதான். ஆனால்?

புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் தொடங்கிவைத்த கட்டுப்பாட்டு வரைபடத்தின் எளிய வடிவம் ஒன்று இங்கே உதவும். 12 எண்களின் சராசரி 42.5. அடுத்தடுத்த வாரங்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைக் குறி பார்க்காமல் எடுங்கள்: 4, 7, 5, 7, 8, 5, 3, 5, 7, 3, 3. கூட்டினால் 57, அதை 11-ஆல் வகுத்தால் 5.18. இதை 2.66-ஆல் (இந்த முறைக்கான மாறா எண்) பெருக்கினால் 13.8. சராசரிக்கு மேலும் கீழும் அவ்வளவு: ஏறத்தாழ 29 முதல் 56 வரை. இந்த எல்லைக்குள் ஆடும் எண் அந்த அமைப்பின் சாதாரண மூச்சு. 49 அதற்குள் நிற்கிறது. காரணம் தேடி ஆளை அனுப்ப வேண்டாம். எல்லையைத் தாண்டினாலோ, தொடர்ந்து 8 புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுந்தாலோதான் ஏதோ மாறியிருக்கிறது என்று எழுந்திருக்க வேண்டும்.

எல்லைக்குள் இருப்பதால் நிலைமை நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. வாரத்துக்கு 42 புகார் என்பதே தாங்க முடியாததாக இருக்கலாம். அப்போது திருத்த வேண்டியது முழு நடைமுறையை; "இந்த வாரம் என்ன நடந்தது" என்று கேட்பதில் பலனில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கூட்டத்தில் நிதானமாக விளக்கத் தெரிந்தவருக்கு மதிப்பு தானாக வரும்.

தரவின் அழுக்கு

பகுப்பாய்வில் பாதிக்கு மேல் நேரம் இதில்தான் போகும். சலிப்பான வேலை, ஆனால் பிழைகள் பெரும்பாலும் பழகிய முகங்கள்தான்.

தேதி. நாள்/மாதம், மாதம்/நாள் குழப்பத்தில் 12-ஆம் தேதி வரைக்கும் எக்செல் சத்தமில்லாமல் இடம் மாற்றிப் படித்துவிடும். 13-லிருந்து முடியாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஒரு நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் உடனே சந்தேகப்படுங்கள். எழுத்தாக நிற்பவற்றில் நாள் எல்லாமே 12-க்கு மேல் என்றால் மற்றவையும் தவறாகத்தான் படிக்கப்பட்டிருக்கின்றன.

வேறோர் அட்டவணையிலிருந்து மதிப்பைத் தேடி எடுக்கும் வி-லுக்கப் சூத்திரத்தின் நான்காவது இடத்தை விட்டுவிட்டால் அது தோராயப் பொருத்தம் தேடும். பிழைச் செய்தி காட்டாமல் பக்கத்து வரியின் விலையைக் கொண்டுவந்து வைக்கும். எக்ஸ்லுக்கப் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், அதில் இயல்பே துல்லியப் பொருத்தம். எண்ணில் 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் நினைவில் வைக்காது. 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் வரும் பூஜ்யங்களும் காணாமல் போகும். குறியீட்டு எண்களை எழுத்து வடிவமாகவே இறக்குங்கள்.

கோப்பின் கொள்ளளவும் ஒரு பொறி. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிகள்தான் கொள்ளும், புதியதில் 10,48,576. 2020 செப்டம்பர் கடைசியில் இங்கிலாந்தில் பழைய வடிவக் கோப்பு நிரம்பியதால் ஏறக்குறைய 16,000 கொரோனா தொற்றுப் பதிவுகள் விடுபட்டன; அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை தாமதமானது.

எஸ்கியூஎல் பக்கம் வந்தால், அதிகம் கடிப்பது இரண்டு அட்டவணைகளை இணைக்கும் ஜாயின். வாடிக்கையாளர் அட்டவணையோடு முகவரி அட்டவணையை இணைக்கிறீர்கள். ஒருவருக்கு இரண்டு முகவரி இருந்தால் அவருடைய கொள்முதல் இரண்டு முறை கூட்டப்படும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணுங்கள், மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும், அலுத்தாலும். லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க அட்டவணையின் வரிகளை எல்லாம் வைத்துக்கொள்ளும் இணைப்பு) போட்டுவிட்டு வலப்பக்க அட்டவணையின் நெடுவரிசைக்கு WHERE பகுதியில் நிபந்தனை வைத்தால், பொருந்தாத வரிகள் எல்லாம் உதிர்ந்து அது சாதாரண ஜாயினாகிவிடும். நிபந்தனையை ON பகுதிக்கு நகர்த்த வேண்டும். சராசரி எடுக்கும் சார்பு வெற்று மதிப்புகளைக் கணக்கில் சேர்க்காது. மதிப்பெண் தராதவர்களைப் பூஜ்யமாக எடுப்பதா, விட்டுவிடுவதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதை எழுதியும் வைக்க வேண்டும்.

சேமிப்பகம் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்தால் நாள்வாரிக் கணக்கு சில மணி நேரம் நகர்ந்துவிடும். "நள்ளிரவுக்குப் பிறகு எப்படி இத்தனை ஆர்டர்?" என்று யாராவது வியந்தால் அதைத்தான் முதலில் பாருங்கள்.

பொதுவான ஒரு சோதனை: உங்கள் மொத்தத்தை, வேறு வழியில் வந்த, எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு மொத்தத்தோடு (கணக்குப் பிரிவின் மாத முடிவு எண் போல) ஒத்துப் பாருங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசத்துக்குக் காரணம் எழுதிவிட்டு நகரலாம். ஐந்து சதவீதம் இடித்தால் மேலே போகாதீர்கள்.

இது பலன் தந்ததா?

ஒரு மாற்றம் செய்தபின் எண் முன்னேறினால் மாற்றம்தான் காரணம் என்று எல்லாரும் மகிழ்வார்கள். மிக மோசமாக இருந்த ஐந்து கிளைகளைப் பொறுக்கிப் பயிற்சி கொடுத்தால், அடுத்த மாதம் அவை பெரும்பாலும் மேம்படும். பயிற்சி கொடுக்காவிட்டாலும் மேம்பட்டிருக்கும். ஒரு மாதம் அடிமட்டத்தில் இருந்தது பாதி துரதிருஷ்டம். துரதிருஷ்டம் தொடர்ந்து வராது. சராசரியை நோக்கித் திரும்பும் இந்த இயல்பை ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1886-லேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்துக் காட்டிவிட்டார். மருந்து எளிது: மோசமான பத்துக் கிளைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கி ஐந்துக்கு மட்டும் பயிற்சி கொடுங்கள். மற்ற ஐந்தைவிட எவ்வளவு கூடுதலாக முன்னேறின என்பதுதான் பலன். அதற்குமே ஒரு மாதம் போதாது. ஐந்தும் ஐந்தும் சிறிய எண்ணிக்கை, இரண்டு மூன்று மாதம் பார்த்துப் பேசுவது நல்லது.

இணையப் பக்கம் போன்றவற்றில் இரு வடிவங்களைச் சோதிக்கும்போது எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: 16 × வி × (1 − வி) ÷ வித்தியாசத்தின் வர்க்கம். இங்கே வி என்பது இப்போதைய விகிதம். 10 சதவீதம் பேர் வாங்குகிறார்கள், அது 12 ஆனதா என்று அறிய வேண்டுமானால் 16 × 0.1 × 0.9 ÷ 0.0004 = 3,600; ஒவ்வொரு வடிவத்துக்கும் அத்தனை பேர். 11 ஆனதா என்று அறிய நான்கு மடங்கு, அதாவது 14,400. வாரத்துக்கு 500 பேர் வரும் பக்கத்தில் இந்தச் சோதனையை ஆரம்பிப்பதே வீண் என்று முதல் நாளே சொல்லிவிடலாம். தினமும் எட்டிப் பார்த்து, ஒரு நாள் சாதகமாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுவதும் தவறு. போதுமான நாள் எட்டிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் ஒரு நாள் வெற்றி தெரியும்.

அளவுகோலை இலக்காக மாற்றினால் அது கெட்டுப்போகும் என்பதைப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் சொல்வார்கள். தீர்வு நேரத்துக்கு ஊக்கத்தொகை வைத்தால் புகாரைத் தீர்க்காமலே மூடும் வித்தை ஒரே மாதத்தில் பிறக்கும். ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எதிர் அளவை ஜோடி சேருங்கள்: தீர்வு நேரத்தோடு, மூடிய 7 நாளுக்குள் மறுபடி திறக்கப்பட்டவற்றின் சதவீதம்.

சொல்லும் விதம்

முதல் வரி பரிந்துரை. "கட்டணப் புகார்களுக்கு ஆள் எடுக்க வேண்டாம், தள்ளுபடி விதியைத் திருத்தி எழுதலாம்." இரண்டாவது, அதைத் தாங்கும் இரண்டு மூன்று எண்கள். மூன்றாவது, எதில் உறுதி குறைவு, என்ன தெரிந்தால் இந்தப் பரிந்துரை மாறும். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது பின்னிணைப்பு. கேட்டால் காட்டலாம், கேட்காதவரிடம் காட்ட வேண்டாம். பட்ட கஷ்டத்தையெல்லாம் பக்கத்தில் இறக்கிவைக்கும் ஆசைதான் நல்ல பகுப்பாய்வுகளைப் படிக்கப்படாமல் செய்கிறது.

வரைபடத்துக்குத் தலைப்பாக "மாதவாரிப் புகார்கள்" என்று வைக்காமல் அது சொல்லும் செய்தியையே வையுங்கள்: "விதி மாறிய பிறகு கட்டணப் புகார்கள் இரட்டிப்பாயின". பட்டை வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும், ஏனென்றால் கண் அதன் நீளத்தை அளக்கிறது. கோட்டு வரைபடத்துக்கு அந்தக் கட்டாயமில்லை.

எதை, எந்த வரிசையில் கற்பது

பிவட் டேபிள் வருகிறதென்றால் அடுத்தது எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரி. ஒவ்வொரு வாரமும் கையால் செய்யும் சுத்திகரிப்பை ஒருமுறை எழுதிவைத்துப் புதுப்பிக்கலாம். மிச்சமாகும் நேரத்தில்தான் யோசிக்க முடியும். பிறகு எஸ்கியூஎலில் ஜாயின், குரூப் பை (வகைவாரியாகத் தொகுப்பது), விண்டோ சார்புகள் (ஒரு வரியை அதன் அக்கம்பக்க வரிகளோடு சேர்த்துக் கணக்கிடுவது). இந்த மூன்றும் பெரும்பாலான அலுவலகக் கேள்விகளுக்குப் போதும். புள்ளியியலில் இடைநிலை, சதமானம், திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பது), மாதிரி அளவு, மேலே சொன்ன கட்டுப்பாட்டு வரைபடம். பைத்தான் அதற்குப் பிறகு: கோப்புகள் எக்செலுக்குள் அடங்காதபோதும், ஒரே வேலையை நூறு கோப்புகளுக்குச் செய்ய வேண்டியபோதும்.

பயிற்சிக்கு இணையத்தில் கிடைக்கும் சுத்தமான மாதிரித் தரவு அவ்வளவாக உதவாது. அதில் அழுக்கும் இல்லை, முடிவெடுக்கும் ஆளும் இல்லை. நீங்கள் இப்போது அனுப்பும் அறிக்கைகளில் ஒன்றை எடுங்கள். அதைப் பெறும் ஒவ்வொருவரிடமும், கடைசியாக இதைப் பார்த்து என்ன மாற்றிச் செய்தீர்கள் என்று கேளுங்கள். யாரும் எதுவும் செய்யவில்லை என்றால், சொல்லிவிட்டு இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். யாராவது ஒருவர் தேடி வந்தால், அவருக்கு வேண்டிய ஒரே எண்ணை மட்டும் வைத்து மறுபடி கட்டுங்கள்.

கூடவே ஒரு குறிப்பேடு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் தேதி, எதிர்பார்க்கும் எண், எப்போது சரிபார்ப்பது என்று மூன்றே விவரம்: "மார்ச் 3. தள்ளுபடி விதி திருத்தம். கட்டணப் புகார் தீர்வு நேரம் 18-லிருந்து 14-க்குள் வரும். ஏப்ரல் 30 அன்று பார்க்க வேண்டும்." ஏப்ரல் 30 வரும்போது 17 என்று இருந்தால், விதியைத் திருத்தியது உண்மையில் ஊழியர்கள் கைக்குப் போனதா, போயும் பலனில்லையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு தோல்விகள். முதலாவதென்றால் சுற்றறிக்கையை மறுபடி அனுப்பினால் போதும், இரண்டாவதென்றால் கிளையை மறுபடி விரிக்க வேண்டும்.